விதையில்லாப் பூவனும் ஒரு டம்ளர் பானகமும்

இப்படியெல்லாம் எழுத ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் உரிமை என்று எனக்குத் தெரியும். எனக்கு முப்பது வயதுகூட முடியவில்லை. தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. ஆனால் என்னைப் பயிர் மருந்து விற்கும் கம்பெனி வேனிலிருந்து இறக்கி, சென்னையில் மருந்து டப்பாக்களுக்கு லேபிள் எழுதும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவனை நாற்காலியில் உட்கார வைத்தால் அதுவும் ஓய்வுதான். ஆகவே, புத்தூர் டிப்போவில் புதிதாகச் சேர்ந்து அந்த வேனில் ஏறப்போகிற உங்களுக்கு இதை எழுத எனக்கு முழுத் தகுதி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, எந்தக் குழாயை மாட்டுவது என்பதெல்லாம் டிப்போச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒன்று இருக்கிறது. பத்திருபது பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் கையில் ஒரு டம்ளர் இருக்கும்போது, என்ன செய்வது என்பது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாம் விற்கும் சரக்கிலேயே பார்வைக்கு மிகச் சாது அந்த வெள்ளைத் தூள்தான். புத்தகத்தில் டூ-ஃபோர்-டி என்பார்கள், தோட்டக்காரர்கள் ஹார்மோன் தூள் என்பார்கள். பூவன் வாழைத் தார் பூவெல்லாம் விரித்து முடித்த சமயத்தில், ஒரு டிரம் தண்ணீரில் துளியூண்டு கலந்து தார் மேல் தெளித்தால் பழத்தில் விதை பிடிக்காது. அதே தூளைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து நெல் வயலில் அடித்தால் அகல இலைக் களையெல்லாம் முறுக்கிக்கொண்டு சாகும். அதே சாரல் காற்றில் பறந்து பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் விழுந்தால், கொடிக்கால்காரர் அரிவாளோடு உங்களைத் தேடி வருவார். ஒரே தூள்தான். அளவு மாறினால் மருந்து, களைக்கொல்லி, போலீஸ் கேஸ் என்று மூன்று பெயர்.

பூவனில் விதை இருந்தால் என்ன குடி முழுகிப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளையின் பெரியப்பா பழத்தை ஆசையாகக் கடித்திருக்கிறார். உள்ளே மிளகு மாதிரிக் கறுப்பாய், கல் மாதிரிக் கெட்டியாய் ஒரு விதை. புதிதாகக் கட்டிய பல்செட்டின் முன்பல் பழத்தோடு வந்துவிட்டது. சம்பந்திகள் இலையிலிருந்து எழுந்துவிட்டார்கள். சமையல் முதல் பந்தி வரை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து நடத்துகிற உத்தர வீதிக்காரர் ஒருவர், ஊரெல்லாம் அவரைப் பந்தி மாமா என்றுதான் சொல்வார்கள், அவர்தான் சமாதானம் செய்து வைத்தார். அன்றைக்கே அவர் தனக்குப் பழம் போடுகிற தோட்டக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். இனிமேல் விதையில்லாத பூவனாக இருந்தால் வண்டியை அனுப்பு, இல்லாவிட்டால் அனுப்பாதே.

அந்தத் தோட்டக்காரர் கோவிந்தசாமி. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே கொள்ளிடக் கரையில் வாழைத் தோட்டம். ஏழு பிள்ளைகள். பந்தி மாமா கைவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அவர் எங்களைத் தேடி வந்ததும், எங்கள் சீனியர் சந்தோஷமாக வேனை ஸ்ரீரங்கம் பக்கம் திருப்பியதும் இப்படித்தான்.

சீனியருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை. மைக் இல்லாமலே நாலு தோப்புக்குக் கேட்கும் குரல், ஆனால் மைக் இல்லாமல் பேச மாட்டார். வேன் கூரையில் இரண்டு புனல் ஸ்பீக்கர்கள். கூட்டம் சேர்ந்ததும் மருந்தின் பெருமையை விஸ்தாரமாகச் சொல்லுவார். கடைசியில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "விஷமில்லீங்களே?" அதற்காகவே காத்திருந்தவர் போல வேனுக்குள் போவார். ஒரு பெரிய பித்தளை டம்ளர் நிறைய எடுத்துக்கொண்டு வெளியே வருவார். "இதோ பாருங்க" என்பார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். கூட்டம் கை தட்டும். அத்தோடு டப்பாக்கள் விற்றுப் போய்விடும்.

முதல் தடவை பார்த்தபோது டம்ளரைப் பிடுங்க ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். காலேஜில் அந்தத் தூளைக் கையால் தொட்டதற்கே எங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னவர்கள் உண்டு. கண்ணில் பட்டால் எரிச்சல், வயிற்றுக்குள் போனால் வாந்தி, கைகால் தளர்ச்சி என்று வகுப்பில் பாடம் நடத்தினார்கள். இவர் என்னடாவென்றால் வாரத்துக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நெய் ரோஸ்ட்டும் சாப்பிடுகிறார். மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகுதான் வேனுக்குள் அந்த டம்ளரைப் பார்த்தேன். அதன் விளிம்பைச் சுற்றி எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"சார், இது..."

"பானகம்ப்பா. எலுமிச்சம்பழம் கொஞ்சம் தூக்கல். உனக்கும் ஒரு வாய் வேணுமா?"

"மருந்துன்னு சொல்லிட்டு..."

"மருந்துன்னு நான் எப்ப சொன்னேன்? 'இதோ பாருங்க'ன்னேன். பார்த்தாங்க."

டிரைவர் காதர் பாய் முன்சீட்டில் தோள் குலுங்கச் சிரித்தார். "தம்பி, நாலு வருஷமா நான்தான் வெல்லம் வாங்கியாறேன். இன்னிக்கித்தான் ஒருத்தருக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு."

சீனியர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "விவசாயிக்குப் பயம் வந்துட்டா டப்பா நகராது. அந்தப் பயம் போகணும்னா அது நம்ம தொண்டை வழியாத்தான் போகணும்" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது.

கோவிந்தசாமி தோட்டத்தில் முதல் விளைச்சல் பிரமாதமாக வந்தது. ஒரு பழத்தில்கூட விதை இல்லை. பந்தி மாமா வண்டி வண்டியாக எடுத்தார். ஊரில் மற்றவர்களும் டப்பா வாங்கினார்கள். எல்லாம் சுபம் என்று நான் நினைத்திருந்த நேரத்தில், ஒரு கூட்டம் முடிந்ததும் வயதானவர் ஒருவர் மரியாதைக்காகச் சீனியரிடம் கேட்டார்.

"சாருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்லைங்க."

"இன்னும் கல்யாணம் ஆவலியா?"

"ஆகி ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

கேட்டவர் கவிழ்ந்து கிடந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு சீனியரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. பழத்தில் விதை பிடிக்காமல் பண்ணுகிற மருந்து, அதைக் குடித்துக்கொண்டே இருக்கிற மனிதர், அவருக்குப் பிள்ளை இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அவர்கள் கணக்கில் என்ன தப்பு? நாங்கள் கொடுத்த எண்களை வைத்துத்தான் கூட்டினார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அனுப்பிய தார்களோடு கோவிந்தசாமியின் வண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்தர வீதிக்கு ஓடினேன். பந்தி மாமா வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஸ்வாமி, அடியேனுக்கு மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தார். "வம்சம் விளங்கணும்னு பெருமாளைப் பிரார்த்திச்சுண்டு பண்ற விவாஹம். அதுல வித்தில்லாத பழத்தைப் போடலாமா? நீங்களே சொல்லுங்கோ."

"மாமா, ரஸ்தாளியில ஏது விதை? காலங்காலமா அதைப் போடறீங்களே?"

"அது பகவான் பண்ணினது. இது உங்க கம்பெனி பண்ணினது."

"விதை இருந்ததுக்குத்தானே அன்னிக்குப் பல்செட் சண்டை வந்துது?"

"பல்லு போனா கட்டிக்கலாம். வம்சம் போனா?"

காலேஜில் வாதப் போட்டியில் கோப்பை வாங்கியவன் நான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.

ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் நடந்ததுதான் விபரீதம். அது சுவர்களிலெல்லாம் சிவப்பு முக்கோணம் வரையத் தொடங்கியிருந்த காலம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. கோவிந்தசாமியின் மனைவி அஞ்சலையம்மா, ஏழாவது பிறந்த கையோடு புருஷனை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். இவர் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற ஆள் உள்ளே போனதும் இவர் பின்பக்கச் சுவரேறிக் குதித்துவிட்டார். இந்தக் கதையை அஞ்சலையம்மா எங்களுக்கு மோர் கொடுக்கும்போதெல்லாம் சொல்லுவார், புருஷனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே.

"மாட்டுக்கு ஊசி போடறப்ப மாட்டைப் புடிச்சிக்கிட்டு தைரியமா நிப்பாரு சார். தனக்குன்னதும் சுவரேறிட்டாரு. அந்தச் சுவரு எவ்வளவு ஒசரம் தெரியுங்களா?"

"ஒசரம் என்ன ஒசரம்" என்பார் கோவிந்தசாமி. "பயம் வந்தா தானா ஏறிடும்."

வண்டி திரும்பி வந்த அடுத்த நாள் கோவிந்தசாமி என்னைத் தோட்டத்து மூலைக்குத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, உங்க சாரு எத்தனை நாளா இதைக் குடிக்கிறாரு?"

"நான் வர்றதுக்கு முன்னாலிருந்தே."

"ஒண்ணும் பண்ணலீங்களே? நடக்கறது, சாப்பிடறது, எல்லாம் நல்லாத்தானே இருக்காரு?"

"பார்க்கறீங்களே."

அவர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். மருந்துக்குப் பயப்படுகிறார் போல என்று நினைத்து, அந்தப் பயத்தைத் தெளிவித்துவிட்ட திருப்தியில் நான் இருந்தேன். ஒருவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுவதற்கு முன்னால், எதற்காகக் கேட்கிறார் என்று கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியதில் பாதி இந்த ஒரு வரிதான்.

வதந்தியை உடைக்கச் சீனியர் பெரிய கூட்டம் ஒன்று போட்டார். பந்தி மாமாவையும் அழைத்திருந்தார். போகிற வழியில் தன் திட்டத்தைச் சொன்னார்.

"இன்னிக்கு ரெண்டு டம்ளர் குடிக்கப் போறேன்."

"சார், குடிச்சதாலதானே இந்த வதந்தியே வந்துது?"

காதர் பாய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அப்ப வெல்லம் இன்னும் அரைக் கிலோ வாங்கணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

பிள்ளையார் கோயில் மைதானத்தில் நல்ல கூட்டம். பந்தி மாமா முன்வரிசையில் அங்கவஸ்திரத்தை மடியில் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். சீனியர் பேசி முடித்து, வேனுக்குள் போய், டம்ளரோடு வெளியே வந்து, "இதோ பாருங்க" என்று கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் அஞ்சலையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் பதற்றமெல்லாம் இல்லை. சங்கடமான ஒரு சிரிப்புத்தான் இருந்தது.

"இருங்க சார், குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இதைக் குடிச்சிட்டு மேல்கொண்டு என்ன சாப்பிடுவீங்க? மோரா, கஞ்சியா?"

"ஏம்மா?"

"எங்க வீட்டுக்காரரும் காலையில குடிச்சிட்டாருங்க. ஆப்பரேசனுக்குப் பதிலா இதுவே போதும்னு ஆரோ சொன்னாங்களாம். அவருக்கு ஒத்துக்கல. வாந்தியா எடுக்கறாரு. நாக்கு எரியுதுங்கறாரு, காலு நிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னேன். சாரே வாராவாரம் குடிக்கிறாரு, நமக்கென்ன, பித்தமாத்தான் இருக்கும்ங்கறாரு. சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்திருக்கேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோவிந்தசாமி ஆப்பரேஷனுக்குப் பதிலாக ஹார்மோன் தூளைக் குடித்துவிட்டார் என்பது ஒரு வருஷத்துக்குப் போதுமான சமாசாரம்.

"எவ்வளவு குடிச்சாரு?" என்றார் சீனியர்.

"ஒரு கரண்டிதான். குழம்புக் கரண்டி."

ஒரு தோட்டத்துக்குப் போதுமான தூள் அது.

நான் சீனியரைப் பார்த்தேன். டம்ளர் இன்னும் உயர்த்தியபடியே இருந்தது. பந்தி மாமா பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா வாங்கிய அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பித்தம் என்று விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று ஒரு விநாடி என் மனதிலேயே ஓடியது. அவர் மனதிலும் ஓடியிருக்கும். உடனே கொண்டு போங்கள் என்று வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள்? வாராவாரம் குடிக்கிற மனிதர் கண் முன்னால் கல் மாதிரி நிற்கிறாரே.

சீனியர் டம்ளரை இறக்கி அஞ்சலையம்மாவிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாரும்மா."

"ஐயோ, எனக்கெதுக்குங்க?"

"நாக்குல வச்சுப் பாரு."

அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை வைத்தார்.

"வெல்லம். எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கு."

"பானகம்மா அது. நாலு வருஷமா நான் குடிக்கிறது அதுதான். அவரு குடிச்சது விஷம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மைக் கையில் இருந்தும் அதில் பேசவில்லை. "எனக்குப் பிள்ளை இல்லாததுக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தம் இல்ல. இந்த டப்பாவை நான் கையால தொடறதுக்கு முந்தியே எனக்கு இல்ல."

முதலில் கேட்ட அந்த வயதானவர் மெதுவாகச் சொன்னார். "அது எங்களுக்குத் தெரியாதுங்களே."

அஞ்சலையம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினார். வேன் அவரைத் தாண்டி முன்னால் போய் நின்றது.

கோவிந்தசாமியைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். தலை மனைவியின் மடியில், கால் சீனியரின் மடியில். நான் முன்னால் காதர் பாய் பக்கத்தில், கையில் மருந்து டப்பாவோடு. அதை எடுத்துவர எனக்குத் தோன்றியதற்காக இன்றுவரை என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். அவசரத்தில் யாரும் கவனிக்காத ஒன்று, மைக். அது பின்சீட்டில் அஞ்சலையம்மாவின் முழங்கை அருகில் கிடந்தது. ஆம்பிளிஃபயரை யாரும் அணைக்கவில்லை.

அந்த வேனின் என்ஜின் சத்தத்தில் உள்ளே இருப்பவர்களுக்குக் கூரை ஸ்பீக்கர் கேட்காது. ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்ததிலிருந்து கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் மாதிரிப் பறக்கிறோம், அதனால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே வருவது அவ்வளவும் மாம்பழச்சாலையிலும் காவிரிப் பாலத்திலும் இரண்டு புனல் வழியாக ஒலிபரப்பானது.

"ஏழு பெத்தவ நான். மருந்து நீ குடிச்சியா?"

"கத்தின்னா பயமா இருக்குடி."

"கத்திக்குப் பயந்து களைக்கொல்லி குடிச்ச ஆம்பளை இந்த ஜில்லாவுல நீ ஒருத்தன்தான்."

"சாரு குடிச்சாருன்னு..."

"சாரு பானகம் குடிச்சாரு. ஏலக்காய்கூடப் போடாத பானகம். அது தெரியாம நீ கரண்டியில அள்ளிக் குடிச்சிருக்கே."

பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று சிரித்தார்கள். பொன்மலை ரயில் பட்டறையில் ஷிப்டு முடிந்து வருகிற ஒரு கோஷ்டி கையசைத்தது. காதர் பாய் அவர்களுக்குப் பதிலுக்குக் கையசைத்தார். நடுப்பாலத்தில் அஞ்சலையம்மாவின் குரல் மாறியது.

"கண்ணைத் திற. ஏய், கண்ணைத் திறய்யா. நீ போயிட்டா இந்த ஏழையும் வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? நீ ஆப்பரேசனே பண்ணிக்க வேணாம். கண்ணைத் திற."

அதன் பிறகு பாலத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியைக் கைப்பிடிச் சுவரோரம் ஒட்டி நிறுத்தி வழிவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் தானாக ஒதுங்கியது. போலீஸ்காரர் எங்கள் பக்கத்துக்குக் கை காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். புத்தூரில் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. டாக்டர் வெளியிலேயே நின்றிருந்தார்.

"முதல்ல ஸ்பீக்கரை அணைங்க" என்றார். "கேஸ் விவரம் எல்லாம் நாலு தெரு முன்னாடியே வந்தாச்சு. மருந்து எது?"

நான் டப்பாவை நீட்டினேன். சீனியர் முந்திக்கொண்டு, இது என்ன, எவ்வளவு உள்ளே போயிருக்கும், களைக்கு அடிப்பதும் இதுவேதான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"இதுக்கு மாற்று மருந்துன்னு தனியா ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "வயித்தைக் கழுவிட்டு, மூச்சையும் நாடியையும் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும். பித்தம்னு இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா நான் பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது."

வராந்தா பெஞ்சில் சீனியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. அதைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே, "ஏலக்காய் போடலைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க பாரு" என்றார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்று தெரிந்தது.

கோவிந்தசாமி பிழைத்தார். கால் தளர்ச்சி தெளிய நாளாயிற்று. வீடு திரும்பியதும் அஞ்சலையம்மா செய்த முதல் காரியம், அடுக்களையில் உப்பு போட்டு வைத்திருந்த எங்கள் காலி டப்பா ஒன்றை நசுக்கிக் குழி தோண்டிப் புதைத்தது. அப்படி ஒரு டப்பா அங்கே இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். நீங்கள் போகிற வீடுகளில் மோர் குடிக்கும்போது அடுக்களைப் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

மேலிடத்தில் சீனியரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அங்கேயும் மறைக்கவில்லை. வேலை போகவில்லை, பதவி உயர்வு போயிற்று. அதன் பிறகு கூட்டங்களில் அவர் டம்ளரைத் தொடவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தூளைக் கலப்பார். முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு, முழங்கை வரை பொறுமையாகக் கழுவுவார். அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "விஷமில்லீங்களே?" என்று யாராவது கேட்டால், "விஷந்தாங்க" என்பார். "பூவனுக்கு மருந்து, உங்களுக்கும் எனக்கும் விஷம். டப்பாவை அரிசிப் பானைகிட்ட வைக்காதீங்க."

டப்பா நகரவில்லை. காதர் பாய் வெல்லம் வாங்குகிற வேலை போய் சோப்பு வாங்குகிற வேலை வந்ததே என்று வருத்தப்பட்டார்.

அப்புறம் அஞ்சலையம்மாவுக்கு எட்டாவது பிறந்தது. பெண் குழந்தை, நல்ல எடை. செய்தி கொள்ளிடக் கரையெல்லாம் பரவியது. குழம்புக் கரண்டி நிறையக் குடித்தவருக்கே பிள்ளை பிறந்திருக்கிறது, பழம் தின்றால் என்ன ஆகிவிடும் என்று ஊர் மறுபடியும் ஒரு கணக்குப் போட்டது. பந்தி மாமா தானாகவே வண்டி அனுப்பச் சொல்லி ஆளனுப்பினார். டிப்போ மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழந்தையைப் போட்டோ எடுத்து நோட்டீஸ் அடிக்கலாம், ஸ்பீக்கரில் சொல்லலாம் என்று துடித்தார்.

சீனியர் மறுத்துவிட்டார். "அவரு தூளைக் குடிக்கிறதுக்கு முந்தியே அந்தக் குழந்தை உண்டாயாச்சு. அந்தம்மாவே சொல்றாங்க. அதைக் காட்டி விக்கிறதும் டம்ளரைக் காட்டி விக்கிறதும் ஒண்ணுதான் சார். நான் இன்னொரு தடவை டம்ளர் தூக்கறதா இல்ல."

இன்றைக்கு என் மேஜையில் இந்தத் தூளுக்கு நான் எழுதுகிற லேபிளில் பலன் மூன்றாவது வரியில்தான் வரும். முதல் வரியில் வருவது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். விற்பனைப் பிரிவு அதை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கட்டும்.

கோவிந்தசாமி அடுத்த முகாமுக்குத் தானே நடந்து போனார், வாசல் வழியாகவே. எட்டாவதுக்குக் காது குத்தும்போது எங்கள் மூன்று பேரையும் அழைத்திருந்தார். சமையல் பந்தி மாமா. இலையில் பூவன் பழம், விதையில்லாததுதான். மாமா அதைத் தானே ஒரு கடி கடித்துவிட்டுப் பரிமாறினார். அஞ்சலையம்மா குழந்தையைச் சீனியரின் மடியில் கிடத்தினார். அவருக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, டிரம்மைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தம்மா உள்ளே போய் ஒரு பித்தளை டம்ளரோடு வந்தார்.

"குடிங்க சார். பானகந்தான். ஏலக்காய் போட்டிருக்கேன்."

சீனியர் டம்ளரை வாங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்து பார்த்தார். பிறகுதான் குடித்தார்.